கண்மாய்க் கரையும் பூங்காவும்: வாசகர் கேள்வி – பதில்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பூங்காக்கள், கண்மாய்கள், குன்றுகள் பற்றிக் கேள்விகளை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்கு விரிவாகச் சொன்னால்தான் பயன் இருக்கும் என்பதால் அவ்வாறே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 64 வயது. சர்க்கரை நோய் இருப்பதால் தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் வண்டிகளுக்கும் நாய்களுக்கும் நடுவில் நடக்க முடியவில்லை. நிம்மதியாக நடக்க எங்கே போகலாம்?
– வாசகி, வில்லாபுரம்

பதில்: அம்மா, உங்கள் பகுதியிலிருந்து எளிதில் போய்ச் சேரக்கூடிய இடம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645-ஆம் ஆண்டில் திருமலை நாயக்கர் அமைத்த அந்தக் குளத்தை ஒரு முறை சுற்றிவந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நடந்திருப்பீர்கள். எத்தனை சுற்று என்பதை மருத்துவர் சொன்ன கணக்குக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம். பல ஆண்டுகள் வறண்டு, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் மைதானமாகக் கிடந்த குளம் அது. பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வரத் தொடங்கிய பிறகு, காலையில் அதன் மதில் ஓரமாக நடப்பவருக்குக் குளிர்ந்த காற்றும், மைய மண்டபத்தின் நிழல் தண்ணீரில் அசையும் காட்சியும் கிடைக்கின்றன. மாலையில் கடைகளும் கூட்டமும் சேர்ந்துவிடும் என்பதால் காலை ஐந்தரை மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் போவது நல்லது.

வைகைக்கு வடகரையில் உறவினர் வீட்டில் தங்கும் நாட்களில், காந்தி நினைவு அருங்காட்சியக வளாகத்தின் மர நிழலிலும், அருகே உள்ள ராஜாஜி பூங்காவிலும், மாநகராட்சி அலுவலகத்தை ஒட்டிய எக்கோ பார்க்கிலும் நடக்கலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். பல பூங்காக்களில் எட்டு வடிவத்தில் கூழாங்கல் பதித்த பாதை போட்டிருப்பார்கள். வெறுங்காலோடு அதில் நடந்தால் உடம்புக்கு நல்லது என்று அருகில் இருப்பவர்களும் சொல்வார்கள். சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும். கல் குத்திய காயம் தெரியாமலே புண்ணாகிவிடும். ஆகையால் அந்தப் பாதையை விட்டுவிட்டு, பாதத்தை மூடிய காலணியோடு சமதளத்தில் நடந்து, வீட்டுக்கு வந்ததும் பாதங்களைக் கழுவித் துடைத்து ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களுக்கு எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு குழந்தைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவுக்கு அழைத்துப் போகிறோம். ஊஞ்சலும் சறுக்கும் கால்மணி நேரத்தில் அலுத்துவிடுகின்றன. உடனே செல்போனைக் கேட்கிறார்கள். இயற்கையில் ஆர்வம் வர என்ன செய்வது?
– பெற்றோர், கே.கே. நகர்

பதில்: குழந்தைகளிடம் ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பூங்காவில் அவர்கள் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை என்பதே உண்மை. ஒவ்வொரு வாரமும் ஒவ்வோர் இடத்துக்கு அழைத்துப் போவதை நிறுத்தி, இரண்டு மாதங்களுக்கு ஒரே பூங்காவுக்கு, கூடுமானவரை ஒரே நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். ஆளுக்கு ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த மரத்தில் சென்ற வாரத்திலிருந்து இந்த வாரத்துக்குள் என்ன மாறியிருக்கிறது என்று தேடுவது அவர்களுடைய வேலை. பங்குனியில் புங்க மரம் பழைய இலைகளை உதிர்த்துவிட்டுச் சில நாட்களிலேயே பளபளக்கும் தளிர்களோடு நிற்பதைக் கண்ட குழந்தை, மறு வாரம் உங்களுக்கு முன்னால் கிளம்பி வாசலில் நிற்கும்.

முதல் நாளில் காட்டுவதற்கு ஒன்று சொல்கிறேன். மா, நாவல், புங்கம் போன்ற மரங்களில் பச்சை இலைகளை உருண்டையாக ஒட்டிவைத்தது போல ஒரு கூடு தொங்கும். அது முசுறு எறும்பின் கூடு. கையெட்டும் உயரத்தில் ஒன்று கிடைத்தால், கிளையைத் தொடாமல் ஒரு முழம் தள்ளி நின்று கவனிக்கச் சொல்லுங்கள். புதிதாகக் கட்டும் கூடாக இருந்தால், செந்நிற எறும்புகள் வரிசையாக நின்று ஓர் இலையின் விளிம்பைப் பின்னங்கால்களால் பற்றிக்கொண்டு, அடுத்த இலையின் விளிம்பை வாயால் கவ்வி இழுப்பது தெரியும். இடைவெளி எட்டாத தூரமாக இருந்தால் ஒன்றின் இடுப்பை ஒன்று பிடித்துச் சங்கிலியாகத் தொங்கும். இரண்டு விளிம்புகளும் நெருங்கியதும் வேறு சில எறும்புகள் வெள்ளையாக ஒன்றை வாயில் தூக்கிக்கொண்டு வந்து, இந்த விளிம்பிலும் அந்த விளிம்பிலும் மாறி மாறித் தொட்டுத் தொட்டு எடுக்கும். அந்த வெள்ளைப் பொருள் அவற்றின் புழுப் பருவத்துக் குட்டி. அதன் வாயிலிருந்து வரும் பட்டு நூல்தான் இலைகளைத் தைக்கிறது. வளர்ந்த எறும்பால் நூல் சுரக்க முடியாது என்பதால் குட்டிகளையே ஊசியும் நூலுமாகப் பயன்படுத்துகின்றன. என் வகுப்பில் எதற்கும் வாய் திறக்காத ஒரு மாணவன், இதைப் பார்த்த அன்று மணி அடித்த பிறகும் மரத்தடியை விட்டு நகரவில்லை. கடித்தால் கடுகடுவென்று எரியும் என்பதை மட்டும் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

கே.கே. நகரில் இருப்பதால் வண்டியூர்க் கண்மாய் உங்களுக்கு நடந்து போகும் தூரம்தான். மாலை நாலரை மணிக்குக் கரையில் உட்கார்ந்து முக்குளிப்பானைத் தேடச் சொல்லுங்கள். தண்ணீரில் மிதக்கும் கைப்பிடி அளவுப் பறவை அது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூழ்கிவிடும். எந்த இடத்தில் மேலே வரும் என்று இரண்டு குழந்தைகளும் பந்தயம் கட்டட்டும். உங்களுக்கு விடை தெரிந்த கேள்விகளுக்குக்கூட உடனே விடை சொல்லிவிடாதீர்கள். பெரியவர்கள் செல்போனைப் பையை விட்டு எடுக்காமல் இருந்தால் பிள்ளைகளும் பெரும்பாலும் கேட்பதில்லை. இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை, பல குடும்பங்களில் பார்த்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். பறவை பார்க்க ஆசையாக இருக்கிறது. பைனாகுலர் வாங்க வீட்டில் பணம் இல்லை. வழிகாட்டவும் யாரும் இல்லை. எப்படித் தொடங்குவது ஐயா?
– மாணவர், ஒத்தக்கடை

பதில்: தம்பி, யானைமலையின் அடிவாரத்தில் வசித்துக்கொண்டு யாரும் வழிகாட்டவில்லை என்று வருந்த வேண்டாம். முதல் மூன்று மாதங்களுக்கு உனக்கு பைனாகுலர் தேவையில்லை. வீட்டு வாசலிலிருந்தும் பள்ளிக்குப் போகும் வழியிலும் தெரியும் 20 பறவைகளை முதலில் நன்றாகத் தெரிந்துகொள். மின்கம்பியில் கருகருவென்று, வால் நுனி இரண்டாகப் பிளந்து உட்கார்ந்திருப்பது கரிச்சான். நம் பக்கத்தில் இரட்டைவால் குருவி என்றும் சொல்வார்கள். அதே கம்பியில் மங்கிய பழுப்பு நிறத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒன்று, பறக்கத் தொடங்கியதும் இறக்கையில் இரண்டு வகை நீலம் பளிச்சிட்டால் அது பனங்காடை. ஆறேழு பேராகக் கூடிக்கொண்டு தரையில் சருகைக் கிளறிச் சளசளவென்று சத்தமிடுபவை தவிட்டுக்குருவிகள். ஆலமரத்திலிருந்து, செம்பைச் சுத்தியலால் தட்டுவதுபோல 'டொக் டொக்' என்று விடாமல் ஒலி வந்தால், இலைகளுக்குள் செம்மார்புக் குக்குறுவான் இருக்கிறது என்று பொருள். பச்சை உடம்போடு இருப்பதால் கண்ணில் எளிதில் படாது. காதால்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், இடம், எத்தனை பறவைகள், என்ன செய்துகொண்டிருந்தன என்ற ஐந்தையும் எழுது. பெயர் தெரியாவிட்டால் அளவு, அலகின் வடிவம், வாலின் நீளம், காலின் நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொள். பிறகு படங்களோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம்.

ஐப்பசியிலிருந்து மாசி வரை கண்மாய்களுக்குப் போ. வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் சேர்ந்திருக்கும் அந்த மாதங்களில்தான் வடநாடுகளிலிருந்து ஊசிவால் வாத்தும் தகைவிலானும் மஞ்சள் வாலாட்டியும் இங்கே வருகின்றன. தண்ணீர் வற்றத் தொடங்கும்போது மீனும் நத்தையும் ஒரே இடத்தில் குவிவதால் கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை ஆகியவை கூட்டமாக இறங்கும். நத்தைகுத்தி நாரையின் அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். தூரத்திலிருந்தே அதை வைத்து அடையாளம் சொல்லிவிடலாம். உனக்கு அருகில் வண்டியூர்க் கண்மாய் இருக்கிறது. தெற்கே போக வாய்ப்பு வரும்போது சாமநத்தம் கண்மாயை அவசியம் பார். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கு நோக்கிப் பார்த்தால் வெயில் உன் முதுகில் விழும். பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். எதிர்ப்புறம் நின்றால் எல்லாமே கறுப்பு நிழலாகத்தான் தெரியும்.

தமிழகத்தில் 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் இ-பேர்ட் இணையதளத்தில் பதிவு செய்தால் போதும். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். அங்கே வரும் பெரியவர்களிடம் பைனாகுலரை ஒரு நிமிடம் கேட்டால் மறுக்க மாட்டார்கள். பின்னாளில் வாங்கும்போது 8x42 என்று குறித்ததைத் தேர்ந்தெடு. எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முகப்புக் கண்ணாடி கொண்டது என்று பொருள். பன்னிரண்டு மடங்கு, இருபது மடங்கு என்று விற்பவை கை நடுக்கத்தில் படம் நிலைக்காமல் ஆடும். கூட்டுக்கு அருகில் போய்ப் படம் எடுப்பதும், செல்போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைப்பதும் வேண்டாம். எதிரி வந்துவிட்டதாக நினைத்து அது கூட்டை விட்டு வெளியே வந்து அலையும். அந்த நேரத்தில் காகம் முட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

கேள்வி: எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த இருபது பேர் வேன் வைத்துக்கொண்டு அரிட்டாபட்டிக்குப் போய், அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு மாலையில் திரும்பத் திட்டமிட்டிருக்கிறோம். எந்த மாதம் நல்லது? டிரோன் எடுத்துப் போகலாமா?
– வாசகர், நாராயணபுரம்

பதில்: போங்கள். ஆனால் சமையலையும் டிரோனையும் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டுப் போங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

மேலூர் வட்டாரத்தில் உள்ள அரிட்டாபட்டியும் அதை ஒட்டிய மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் பரப்பை, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 இயற்கைச் சுனைகள், மூன்று தடுப்பணைகள் என்று அரசின் அறிவிப்பே அந்த நிலத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் மொட்டைப் பாறையாகத் தெரியும் அந்தக் குன்றுகள்தான் மழைநீரைத் தாங்கி, சுனைகளிலும் கண்மாய்களிலும் சேர்த்து, வயல்களுக்கு அனுப்புகின்றன. சுமார் 250 பறவை இனங்கள் அங்கே பதிவாகியுள்ளன. லகார் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளிக் கழுகு ஆகிய மூன்றும் அந்தப் பாறைச் செங்குத்துகளை நம்பியே வாழ்கின்றன. அலங்கு என்னும் எறும்புத்தின்னியும் தேவாங்கும் மலைப்பாம்பும் உண்டு. குன்றின் ஒரு பக்கத்தில் பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில், அதில் சிவனின் வடிவமாகக் கருதப்படும் லகுலீசரின் அரிதான சிற்பம். இன்னொரு பக்கத்தில் சமணப் படுக்கைகளும் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டும். ஒரே நாளில் இத்தனையும் நடந்தே பார்க்கக் கிடைக்கும் ஊர் மாவட்டத்தில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த நிலம் உள்ளிட்ட பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க 2024 நவம்பரில் ஏலம் முடிவானதும், மேலூர்ப் பகுதி மக்கள் கிராமசபைகளில் தீர்மானம் போட்டார்கள். வீதிக்கு வந்து போராடினார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. ஒன்றாக நின்று காப்பாற்றிய மண்ணுக்கு நீங்கள் விருந்தாளிகளாகப் போகிறீர்கள். அடுத்தவர் வீட்டுப் பூசையறைக்குள் எப்படி நுழைவோமோ அப்படித்தான் அங்கே நுழைய வேண்டும்.

வல்லூறுகளும் கழுகும் மார்கழி தொடங்கிப் பங்குனி வரை பாறை இடுக்குகளில் கூடு வைத்திருக்கும். டிரோனை அவை தம் எல்லைக்குள் புகுந்த எதிரியாகவே பார்க்கும். தாக்கப் பாயும், அல்லது முட்டையை வெயிலில் விட்டுவிட்டு வட்டமடித்துக்கொண்டே இருக்கும். அடுப்பு மூட்டினால் காய்ந்த புல்லில் தீ பரவும் ஆபத்தோடு, மலைத்தேனீக்களின் ஆபத்தும் உண்டு. மதுரைக்கு மேற்கே ஒரு குன்றின் அடியில் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குழுவினர் பிரியாணிக்கு அடுப்பு மூட்டியதை நான் நேரில் பார்த்தேன். மேலே பாறை விளிம்பில் தொங்கிய தேன்கூட்டை யாரும் கவனிக்கவில்லை. புகை எட்டிய சில நிமிடங்களில் தேனீக்கள் திரளாக இறங்கின; முகத்திலும் கழுத்திலும் கொட்டு வாங்கிய ஒருவரை மூன்று நாள் மருத்துவமனையில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. அப்படி நேர்ந்தால் கையை வீசி அடிக்காமல், துணியால் முகத்தை மூடிக்கொண்டு வேனுக்குள்ளோ வீட்டுக்குள்ளோ ஓடிவிட வேண்டும். அடர்ந்த வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு குன்று ஏறுவதையும் தவிர்க்க வேண்டும்.

கார்த்திகையிலிருந்து தை வரை நல்ல காலம். சுனைகளில் தண்ணீர் இருக்கும், பாறையும் சுடாது. வேனை ஊருக்குள் நிறுத்திவிட்டு, பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். வழிகாட்ட ஊர்க்காரர் ஒருவர் வந்தால் அவருக்கு உரிய கூலியைக் கொடுங்கள். சுனை நீரில் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டாம், ஏனென்றால் ஆடு மாடும் அலங்கும் குடிப்பது அதே தண்ணீரைத்தான். கட்டுச்சோற்றை வீட்டிலிருந்து வாழை இலையில் கட்டிக்கொண்டு போனால் இருபது பேருக்கும் ஒரு மஞ்சப்பைக் குப்பைகூடச் சேராது.

கேள்வி: அழகர்கோயில் மலைப் பாதையில் குரங்குகளுக்குப் பழம் கொடுப்பது புண்ணியம் என்று அம்மா சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, தல்லாகுளம்

பதில்: கொடுக்க வேண்டாம். காட்டில் அத்தியும் நாவலும் தளிரும் தேடித் தின்ன வேண்டிய குரங்கு, கையில் கிடைக்கும் உணவுக்குப் பழகிவிட்டால் பாதையோரத்தை விட்டு நகராது. வண்டியில் அடிபடுகிறது, குழந்தைகளின் கையிலிருந்து பறிக்கிறது, கடித்தும் விடுகிறது. குரங்கு கடித்தால் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்வது அவசியம். நூபுர கங்கைக்குப் போகும்போது பையை மூடி வைத்திருங்கள். அம்மாவிடம், அந்தப் பழத்தைக் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் முதியவர் ஒருவருக்குக் கொடுக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: விடுமுறை நாட்களில் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போவோம். சென்ற முறை படிக்கு அருகில் பாம்பைப் பார்த்ததிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் பயம். போகலாமா, கூடாதா?
– வாசகர், நாகமலை புதுக்கோட்டை

பதில்: தாராளமாகப் போகலாம். பாறையும் முட்புதரும் கலந்த நம் குன்றுகளில் சுருட்டை விரியன் இருக்கும். உருவத்தில் சிறியது, மண்ணின் நிறமே அதன் நிறம் என்பதால் கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஆகையால் பாறை இடுக்கில் கையை விடாமல், கல்லைப் புரட்டாமல், அடி வைக்கும் இடத்தைப் பார்த்து நடந்தால் போதும். செட்டிப்பொடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்கு முன்பே இறங்கிவிடுங்கள். இருட்டிவிட்டால் டார்ச் இல்லாமல் ஓரடிகூட வைக்க வேண்டாம்.

கடித்துவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றே: கடிபட்ட கை அல்லது காலை அசைக்காமல் வைத்து, மோதிரம், கொலுசு, காலணியைக் கழற்றி, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது. இறுக்கிக் கட்டுவதும், கீறி இரத்தம் எடுப்பதும், வாயால் உறிஞ்சுவதும் கேடு விளைவிப்பவை. சுருட்டை விரியன் நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைக் கெடுப்பது. கீறிய இடத்தில் இரத்தம் நிற்காமலே போய்விடும். பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய தேவையும் இல்லை.

கேள்வி: எங்கள் மனைப்பிரிவின் வரைபடத்தில் பூங்கா என்று ஓர் இடம் காட்டியிருந்தார்கள். பதினைந்து ஆண்டுகளாக அங்கே கட்டட இடிபாடும் முள்ளும்தான் கிடக்கின்றன. இப்போது அதன் ஓரத்தில் யாரோ கொட்டகை போட்டுவிட்டார்கள். என்ன செய்யலாம்?
– குடியிருப்போர், திருப்பாலை

பதில்: முதலில் அந்த இடம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக எஞ்சும் பரப்பில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக விட்டு, அதை உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் மூலம் எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலையும் தானப் பத்திரத்தின் நகலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்குங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும் எடுத்துவிடுங்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை வேறு தேவைக்கு மாற்றியது செல்லாது என்று 1991-ஆம் ஆண்டு பெங்களூரு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அங்கே கட்ட நினைத்தது ஒரு தனியார் மருத்துவமனை. அப்படியிருந்தும் நீதிமன்றம் பூங்காவின் பக்கமே நின்றது. கையில் இந்த ஆவணங்களை வைத்துக்கொண்டு வார்டு உறுப்பினரிடமும் பகுதி சபாக் கூட்டத்திலும் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

இடம் மீண்டு வரும்போது புல்தரைக்கும் நீரூற்றுக்கும் ஆசைப்படாதீர்கள். நம் வெயிலுக்குப் புல்தரை தினமும் தண்ணீர் கேட்கும். ஆறு மாதத்தில் காய்ந்துவிடும். புங்கம், மகிழம், பூவரசு, சரக்கொன்றை, மூலையில் ஒரு நாவல், நடுவில் பிள்ளைகள் ஓட வெறும் மண் தரை, சுற்றிலும் சிமெண்டுத் திண்ணை ஆகியவை இருந்தாலே போதும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாயில் முள்ளும் கோரையும் மண்டிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் சுத்தமாக வழித்துவிட்டு, சுற்றிலும் நடைபாதையும் மின்விளக்கும் அமைத்துத் தருமாறு மனு கொடுக்கலாம் என்று இளைஞர்கள் சேர்ந்திருக்கிறோம். உங்கள் கருத்து என்ன?
– இளைஞர்கள், மாடக்குளம்

பதில்: தம்பிகளே, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் மனுவை எழுதுவதற்கு முன், கண்மாயில் மண்டியிருப்பது என்னென்ன என்று பிரித்துப் பாருங்கள். சீமைக்கருவேலத்தையும் ஆகாயத்தாமரையையும் எடுக்கத்தான் வேண்டும். கோரையும் சம்பும் அப்படியல்ல. நீலத்தாழைக்கோழியும் தாழைக்கோழியும் அவற்றுக்குள்தான் கூடு கட்டுகின்றன, மீன்குஞ்சுகள் ஒளிவதும் அங்கேதான், வரும் கழிவின் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பதும் அவற்றின் வேர்களே. உள்வாயில் நிற்கும் நாட்டுக்கருவேல மரங்களில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் அடையும். பொக்லைன் கொண்டு ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் வழித்துவிட்டால் தண்ணீர் நிற்கும், ஆனால் வெறும் தொட்டியாகத்தான் நிற்கும்.

வரத்துக் கால்வாயைத் தூர்வாருவது, கழிவுநீர் கலக்கும் இடத்தை அடைப்பது, மடையையும், உபரி நீர் வெளியேறும் கலுங்கையும் பழுது பார்ப்பது ஆகிய மூன்றையும் மனுவின் முதல் கோரிக்கைகளாக வையுங்கள். நடைபாதை கரையின் ஒரு பக்கத்தோடு நிற்கட்டும். மறுபக்கத்தைப் பறவைகளுக்கு விட்டுவிடலாம். விளக்குகள் நடப்பவரின் காலடியை நோக்கித் தாழ்ந்திருக்கட்டும். தண்ணீரின் மீது ஒளி பாயும் உயர்கோபுர விளக்கு இருந்தால் இரவில் அடையும் பறவைகள் இடம் மாறிவிடும். கரையில் சிமெண்டுச் சாய்தளம் போடாதீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மீன்கொத்தி கூடு வைப்பது மண் கரையில் துளைக்கும் பொந்தில்தான்.

இடையபட்டி வெள்ளிமலைக் கோயில்காட்டுக்கு ஒரு முறை போய் வாருங்கள். உசில மரங்கள் நிறைந்த அந்தக் காட்டில் சுள்ளி ஒடிப்பதில்லை, செருப்போடு நுழைவதில்லை என்ற கட்டுப்பாட்டை ஊர் மக்களே வைத்து நடத்துகிறார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில், அழகர்மலைக்கு அப்பால் இருக்கும் காசம்பட்டிக் கோயில்காடு வெறும் ஐந்து ஹெக்டேர்தான். அதுதான் 2025-இல் தமிழ்நாட்டின் இரண்டாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. வேலியும் விளக்கும் இல்லாமல் காக்கப்பட்ட இடங்கள் அவை.

கேள்வி: மதுரைக்குக் கடம்பவனம் என்று பெயர் இருந்ததாகப் பாட்டி கதை சொன்னதும், என் பேத்தி கடம்ப மரத்தைக் காட்டு என்று கேட்கிறாள். எங்கே காட்டுவது?
– வாசகர், அனுப்பானடி

பதில்: மீனாட்சியம்மன் கோயிலின் தலமரம் கடம்பம். சுவாமி சந்நிதிப் பிரகாரத்தின் வடபுறத்தில் பழைய கடம்பின் காய்ந்த அடிமரத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அதை முதலில் காட்டுங்கள். உயிருள்ள மரத்தை அடையாளம் காண்பது எளிது. கிளைகள் தரைக்கு இணையாக நீளும்; இலைகள் உள்ளங்கையை விடப் பெரியவை, எதிரெதிராக இருக்கும். ஆனி முதல் ஆவணி வரை எலுமிச்சை அளவில் மஞ்சள் பந்துகள் போலப் பூக்கும். அருகில் வைத்துப் பார்த்தால் ஒரே பந்தில் நூற்றுக்கணக்கான சிறு பூக்களும், அவற்றிலிருந்து குண்டூசி குத்தியது போல நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைச் சூல்முடிகளும் தெரியும். நீர்க்கரையில் செந்நிறப் பூங்கொத்து சரமாகத் தொங்கும் செங்கடம்பு வேறு மரம். பெயரை மட்டும் வைத்து மயங்க வேண்டாம்.

வனத்துறை நாற்றங்காலில் கடம்ப நாற்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, முடிந்தால் ஊருணிக் கரையிலோ கண்மாய்க் கரையிலோ, ஐப்பசி மழை தொடங்கிய பிறகு பேத்தியின் கையால் நட்டுவிடுங்கள். கடம்பம் விரைந்து வளரும் மரம். பேத்தி உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போது அது அவளைவிடப் பல மடங்கு உயர்ந்து நிற்கும். வேரடியில் சில நாள் தண்ணீர் தேங்கினாலும் தாங்கிக்கொள்ளும். முதல் இரண்டு கோடைகளில் காயவிட்டால் தாங்காது. சித்திரையிலும் வைகாசியிலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.